தனி முத்திரையா, வெட்டுத் துண்டா, முழு உறையா? திகதிச் சீல் சேர்க்கத் தொடங்குமுன் எடுக்க வேண்டிய முடிவு

திகதிச் சீலுக்காக, அதாவது ஊர்ப்பெயரும் நாளும் தெரியத் தபாலகம் அடிக்கும் சீலுக்காக, முத்திரை சேர்க்க வருபவர்கள் பெரும்பாலும் எந்தத் திகதியிலிருந்து தொடங்கலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன் முடிவு செய்ய வேண்டியது, சீலை எந்த வடிவத்தில் வைத்திருப்பது என்பது. தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்த தனி முத்திரையாக வைக்கலாம். உறையிலிருந்து வெட்டிய துண்டாக வைக்கலாம். கடிதம் வந்த உறையை அப்படியே வைக்கலாம். நாட்காட்டி முறையில் அடுக்கியதை நாளைக்குக் கலைத்து ஊர்வாரியாக அடுக்கிவிடலாம். ஆனால் ஊறவைத்த உறையை மீட்க வழியில்லை.

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் இருந்து சேர்ப்பவருக்கு இந்த முடிவு இன்னும் கனமானது. கொழும்புச் சீல் பழைய கட்டுகளில் அள்ள அள்ளக் கிடைக்கும். களுவாஞ்சிகுடி, சம்மாந்துறை, வாழைச்சேனை, பொத்துவில் போன்ற ஊர்ச் சீல்கள் அப்படிக் கிடைப்பதில்லை. உப தபாலகச் சீல் அதைவிட அரிது. எனவே எங்கள் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: இந்த இரு மாவட்டங்களின் ஊர்ப்பெயரும் திகதியும் வாசிக்கக்கூடிய எந்த உறையையும் நனைக்கவோ வெட்டவோ வேண்டாம். மற்ற ஊர்ச் சீல்களுக்கு மூன்று வடிவமும் பொருந்தும். எது எதற்கு என்பதைக் கீழே பார்ப்போம்.

தனி முத்திரை: நாட்காட்டி நிரப்புபவருக்கு

ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை, பெப்ரவரி 29 உட்பட 366 கட்டம். ஒவ்வொரு நாளுக்கும் அந்தத் திகதி தெளிவாக விழுந்த ஒரு முத்திரை, ஆண்டு எதுவானாலும் சரி. தனி முத்திரைக்கு மிகப் பொருத்தமான சேகரிப்பு இதுதான். இடமும் குறைவாகவே பிடிக்கும். ஏ4 தாளைக் குறுக்காக வைத்து 34 மில்லிமீற்றர் அகலமும் 47 மில்லிமீற்றர் உயரமும் கொண்ட கட்டங்களாக 8 நிரல், 4 நிரை வரைந்தால் 32 கட்டம் வரும். ஒரு மாதம் ஒரே தாளில் அடங்கி, துளையிடவும் ஓரம் மிஞ்சும். இலங்கையின் நினைவு முத்திரைகள் பல ஏறத்தாழ 30க்கு 41 மில்லிமீற்றர் அளவில் இருப்பதால் கட்டத்துக்குள் சரியாக உட்காரும்; கிடையாக அச்சிட்டவற்றைப் பக்கவாட்டில் திருப்பி வைக்க வேண்டும். பன்னிரண்டு தாளில் ஆண்டு முடிந்துவிடும்.

சிக்கல் சீலின் அளவில் இருக்கிறது. வட்டச் சீல் பொதுவாக 25 முதல் 30 மில்லிமீற்றர் விட்டம் உடையது. அன்றாடப் பாவனைக்கான சிறிய முத்திரையின் அகலம் அதைவிடக் குறைவு. ஆகவே முழு வட்டமும் ஒரே முத்திரைக்குள் விழுவது அபூர்வம். பெரிய நினைவு முத்திரையின் நடுவே அடித்த சீல்தான் ஊர், நாள், மாதம், ஆண்டு நான்கையும் தரும். நாட்காட்டிக்கு நாளும் மாதமும் தெரிந்தால் போதும் என்று தொடக்கத்திலேயே விதியைத் தளர்த்திக்கொண்டால் சேகரிப்பு நகரும். ஊர்ப்பெயரையும் கட்டாயமாக்கினால் பாதிக் கட்டம் ஆண்டுக்கணக்கில் வெறுமையாகவே இருக்கும்.

எத்தனை முத்திரை தேவைப்படும்? எல்லா நாளுக்கும் சம வாய்ப்பு என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், வாசிக்கக்கூடிய 366 சீல்கள் சுமார் 230 கட்டத்தை நிரப்பும். ஆயிரம் சீல்கள் சுமார் 340 கட்டத்தை நிரப்பும். 366 கட்டமும் நிரம்ப சராசரியாக 2,370 அளவில் வேண்டும். நடைமுறையில் இதற்கு மேலும் தேவைப்படும், ஏனென்றால் எல்லா நாளும் சமமில்லை. பெப்ரவரி 4, ஏப்ரல் 13, 14, மே 1, டிசம்பர் 25 ஆகியவை விடுமுறை நாள்கள். தைப்பொங்கல் ஜனவரி 14இலோ 15இலோ வரும் என்பதால் அந்த இரண்டு கட்டங்களும் ஒன்றையொன்று ஓரளவு ஈடுசெய்யும். போயா எனும் பௌர்ணமி விடுமுறை ஆண்டுதோறும் நகர்வதால் எந்தக் கட்டத்தையும் நிரந்தரமாக அடைக்காது. பெப்ரவரி 29க்கு 1976, 2004 இரண்டையும் தேடிப் பயனில்லை, இரண்டும் ஞாயிறு. 1984, 1988, 1996, 2000, 2008, 2012, 2016, 2024 ஆகியவை வேலைநாளில் வந்தன. கட்டுகளைப் புரட்டும்போது அந்த ஆண்டு முத்திரைகளில் கண் நிற்கட்டும்.

ஒரே ஆண்டின் 365 நாளையும் ஒரே தபாலகத்திலிருந்து திரட்ட நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஞாயிறு, போயா, ஏனைய விடுமுறை நாள்களைக் கழித்தால் 290 நாள் அளவே மிஞ்சும் என்பதைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

ஊறவைக்கும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அறைச் சூட்டுத் தண்ணீரில், முகம் மேலே இருக்க, 20 முதல் 30 நிமிடம். முத்திரை தானாக வழுகும்வரை இழுக்கக்கூடாது. மண்ணிற உறை, சிவப்பு அல்லது பச்சைத் தாள் ஒட்டிய துண்டுகளைத் தனிப் பாத்திரத்தில், குளிர்ந்த நீரில், ஒவ்வொன்றாகப் போட வேண்டும். சாயம் கரைந்தால் பாத்திரத்திலுள்ள எல்லாமே நிறம் ஏறிவிடும். உலோகச் சீலுக்குப் பாவிக்கும் எண்ணெய் கலந்த கறுப்பு மை நீரைத் தாங்கும். இறப்பர்ச் சீலின் ஊதா மை பெரும்பாலும் தாங்காது. உப தபாலகத் துண்டுகளில் ஊதாவைக் கண்டால் உறையின் ஓரத்தில் விழுந்த மைக்கோட்டில் ஈரப் பஞ்சை ஒற்றிப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் அதைத் தண்ணீரில் போடவே கூடாது. தானே ஒட்டும் முத்திரைகளிலும் பசை நீரில் விடாமல் தாள் கிழியும். அவற்றைத் துண்டாகவே வைப்பது மேல்.

உலர்த்துவதற்கு அச்சில்லாத வெள்ளைத் தாளில் முகம் கீழாக விரித்து, மேற்பரப்பு ஈரம் போனதும் ஒற்றுத்தாளுக்கிடையே வைத்துக் கனமான புத்தகம் ஏற்றுங்கள். மாரிமழைக் காலத்தில் இந்த வேலை வேண்டாம். நவம்பர் முதல் ஜனவரி வரை வாடையோடு வரும் ஈரத்தில் முத்திரை முழுமையாக உலராமல் பூஞ்சை பிடிக்கும். கச்சான் வீசும் மாதங்களே உகந்தவை, யன்னலைச் சாத்திவிட்டுச் செய்தால்.

வெட்டுத் துண்டு: இடைவழி

முத்திரையையும் முழுச் சீலையும் சேர்த்து உறையிலிருந்து வெட்டி எடுப்பது. சீல் சேர்ப்போரிடையே உலகளவில் வழங்கும் அளவு 50க்கு 100 மில்லிமீற்றர், அதாவது இரண்டுக்கு நான்கு அங்குலம். இந்த அளவுக்குள் பெரும்பாலும் முழு வட்டமும் ஊர்ப்பெயரும் அடங்கும். முத்திரையின் பல்விளிம்பை ஒட்டி வெட்டுவதுதான் இதில் அதிகம் நடக்கும் தவறு. குறைந்தது 5 மில்லிமீற்றர் இடம் விடுங்கள். துண்டின் பின்புறம் மெல்லிய பென்சிலில் உறை எங்கிருந்து எங்கே போனது என்று எழுதிவையுங்கள், வெட்டியபின் அதை வேறெங்கும் கண்டுபிடிக்க முடியாது.

கொழும்பு, கண்டி, யாழ்ப்பாணம் போன்ற பெரிய தபாலகங்களின் அண்மைக்கால உறைகளுக்கு இது போதும். வங்கி, தொலைபேசிக் கட்டணக் கடிதங்களில் விழும் இயந்திரக் கட்டண அச்சுக்கும் போதும். அந்த அச்சை வட்டச் சீலோடு கலக்காமல் தனி வரிசையில் வையுங்கள், அது தபாலகத்தின் சீல் அல்ல.

பதிவுத் தபால், தணிக்கைக் குறி உள்ளவை, பணம் குறைவாக ஒட்டியதற்கான குறி உள்ளவை, திருப்பி அனுப்பியவை, பாடசாலை, மிஷன், கடை என்று உள்ளூர் நிறுவனப் பெயர் அச்சிட்டவை, முத்திரையே இல்லாத அரச சேவை உறைகள் ஆகியவற்றை ஒருபோதும் வெட்டக்கூடாது.

முழு உறை: ஊர் வரலாறு சேர்ப்பவருக்கு

கடைசியாகச் சொன்ன அரச சேவை உறையிலிருந்து தொடங்கலாம். கச்சேரி, நீதிமன்றம், கல்வித் திணைக்களம் அனுப்பும் அந்த உறைகளை முத்திரை சேர்ப்பவர் தூக்கி எறிவார். சீல் சேர்ப்பவருக்கு அது நல்ல சரக்கு. முத்திரையின் படமும் நிறமும் குறுக்கிடாததால் வெறும் தாளில் சீல் எழுத்தெழுத்தாகத் தெரியும். ஒரு தபாலகத்தின் சீல் வகைகளை ஆண்டுவாரியாக அடுக்க இதைவிட வசதியான உறை வேறில்லை.

பதிவுத் தபால் உறையில் முன்புறம் பதிவிலக்கச் சீட்டும் புறப்பட்ட சீலும் இருக்கும். பின்புறம் இடைத் தபாலகச் சீலும் சேர்ந்த இடத்துச் சீலும் இருக்கும். ஒரே உறை இரண்டு மூன்று திகதி தரும். அக்கரைப்பற்றிலிருந்து கொழும்புக்கு 1965இல் எத்தனை நாள், 1990இல் எத்தனை நாள் என்று ஒப்பிட வேண்டுமானால் இந்தப் பின்புறம்தான் சான்று. முத்திரையை மட்டும் கழற்றினால் மிஞ்சுவது ஒரு திகதி, பயணம் போய்விடும்.

எல்லைப் பிரச்சினை ஒன்றையும் முழு உறைதான் தீர்க்கும். அம்பாறை மாவட்டம் 1961 ஏப்ரலில் மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதியிலிருந்து பிரிக்கப்பட்டது. அதற்கு முந்தைய கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, பொத்துவில் உறைகள் மட்டக்களப்பு மாவட்ட அல்பத்துக்குரியவை. பிந்தையவை அம்பாறைக்குரியவை. சீலில் ஊர்ப்பெயர் மாறியிருக்காது, ஆனால் முகவரியில் மாவட்டப் பெயரைப் பழைய வழக்கத்தில் எழுதியவர்கள் இருப்பார்கள். 1961, 1962 உறைகளில் சீலும் முகவரியும் முரண்படுவதைப் பார்ப்பது இந்தச் சேகரிப்பின் தனிச் சுவை. அம்பாறை நகரின் பழைய உறைகளைத் தேடுபவர், 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை தொடங்கிய பிறகுதான் அங்கே நகரம் வளர்ந்தது என்பதை மனதில் வைத்தால் எந்த ஆண்டிலிருந்து எதிர்பார்க்கலாம் என்று புரியும்.

நிகழ்வுத் திகதிகளைச் சேர்ப்பவருக்கும் முழு உறை தவிர வேறு வழியில்லை. 1942 ஏப்ரல் 9இல் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. அந்த மாதத்தில் வெளிநாடு போன உறையில் தணிக்கை ஒட்டுச்சீட்டோ குறியோ இருக்கும். அது உறையின் ஓரத்தில் இருப்பதால் துண்டாக வெட்டினால் போய்விடும். 1978 நவம்பர் 23 வியாழக்கிழமை. அன்றிரவு சூறாவளி வந்தது. அன்றைய சீலைவிட அடுத்து வந்த நாள்களின் மட்டக்களப்புச் சீல்தான் தேடத்தக்கது. தாமதமாகச் சேர்ந்ததைப் பின்புறச் சீல் காட்டும். ஆழிப்பேரலை வந்த 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, அதோடு போயா. அந்தத் திகதியில் உள்ளூர்ச் சீல் என்று யாராவது விற்க வந்தால் வாங்குமுன் நன்றாக யோசியுங்கள். அந்த வாரத்தின் மற்ற நாள்களும் 2005 ஜனவரியும் கிடைக்கக்கூடியவை. முகவரிக்காரர் இல்லை என்று திரும்பிய உறைகளும் அவற்றுள் இருக்கலாம். அத்தகைய உறைகளைக் காட்சிக்கு வைக்கும்போது பெயரையும் முகவரியையும் மறைத்துவிட வேண்டும். அந்த வீட்டார் இன்றும் இதே கரையில் வாழ்கிறார்கள்.

இந்திய அமைதிப்படை இருந்த 1987 முதல் 1990 மார்ச் வரையான படைத் தபால் இன்னொரு வகை. இந்தியக் களத் தபாலகச் சீலில் ஊர்ப்பெயர் இருக்காது, இலக்கம்தான் இருக்கும். மட்டக்களப்பில் நின்ற படைப்பிரிவின் கடிதம் என்று உறுதிசெய்ய அனுப்பியவரின் பிரிவு, உள்ளிருக்கும் கடிதம் இரண்டும் வேண்டும். வெட்டிய துண்டு எந்த ஊருக்கும் உரித்தில்லாததாகிவிடும்.

முழு உறையின் குறை, அது பிடிக்கும் இடம். சாதாரண நீள உறை 110க்கு 220 மில்லிமீற்றர். ஏ4 தாளைக் குறுக்காக வைத்தாலும் ஒன்றுதான் வைக்கலாம். 366 உறைக்கு 366 தாள் வேண்டும், நாட்காட்டிக்கு அது வீண்சுமை. ஆனால் ஒரு மாவட்டத்தின் தபாலகங்களை, ஒவ்வொன்றுக்கும் நான்கைந்து காலகட்டமாகச் சேர்ப்பதற்கு இந்த இடம் நியாயமானதே.

முதல்நாள் உறையைப் பற்றி, அதாவது புதிய முத்திரை வெளியாகும் நாளிலேயே அதை ஒட்டிச் சீல் அடித்த உறையைப் பற்றி, ஒரு வார்த்தை. திகதி சுத்தமாக, வட்டம் முழுதாக இருக்கும். நாட்காட்டியின் வெற்றுக் கட்டத்தை நிரப்ப உதவும். ஆனால் அது முத்திரை வெளியான நாளைச் சொல்கிறதேயன்றி, கடிதம் பயணம் செய்ததைச் சொல்வதில்லை. ஊர் வரலாற்று அல்பத்தில் அதற்கு இடம் கொடுக்க வேண்டாம்.

திகதியை வாசிப்பதில் எங்கே தவறுகிறோம்

04.05.06 என்று ஒரு சீல் இருந்தால் அது எந்த நாள்? ஊகிக்க வேண்டாம். அதே தபாலகத்தின் அதே சீலில் 12ஐவிடக் கூடிய நாள் விழுந்த இன்னொரு உறையைத் தேடுங்கள், வரிசை தெளிவாகிவிடும். ஆண்டு இரண்டு இலக்கத்தில் மட்டும் இருந்தால் முத்திரை வெளியான ஆண்டு கீழெல்லை. ஒட்டிய கட்டணமும் உதவும்: 2022 ஆகஸ்ட் 15 முதல் உள்நாட்டுச் சாதாரணக் கடிதத்தின் ஆகக் குறைந்த கட்டணம் 15 ரூபாயிலிருந்து 50 ரூபாயானது. எனவே வேறு முத்திரையின்றி 15 ரூபாய் மட்டும் ஒட்டிய உறை அதற்கு முற்பட்டதாக இருக்க வேண்டும். பிற்பட்டதென்றால் கட்டணக் குறைவுக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். புதிய கட்டணம் தொடங்கிய அந்த ஆகஸ்ட் 15, திங்கட்கிழமையின் 50 ரூபாய் உறை தானே ஒரு சேகரிப்புப் பொருள்.

கிழமையையும் நாட்காட்டியில் சரிபாருங்கள். ஞாயிறில் விழுந்த சீலைக் கண்டதும் போலி என்று தள்ள வேண்டாம். 1966 முதல் 1971 வரை இலங்கையில் வாரவிடுமுறை ஞாயிறுக்குப் பதிலாகப் போயா நாள்களில் இருந்தது. அந்த ஆண்டுகளில் ஞாயிறுச் சீல் இயல்பானது. அதற்கு வெளியே வந்தால்தான் விளக்கம் தேட வேண்டும்.

திகதி எழுத்துகளைக் கையால் மாற்றும் சீலில் பிழை வரத்தான் செய்யும். ஜனவரி முதல் வாரத்தில் பழைய ஆண்டு நின்றுவிடும், இலக்கம் தலைகீழாகப் பூட்டப்படும், மாதம் மாற்றாமல் ஒன்றாந்திகதி போகும். பின்புறச் சேர்ந்த சீல் இருந்தால் பிழையை நிரூபிக்கலாம். தனி முத்திரையில் அதே பிழை வெறும் புதிராகவே நிற்கும். முத்திரை வெளியாவதற்கு முந்தைய திகதி விழுந்திருந்தால் பிழையா, பின்னர் வேண்டுமென்றே அடித்ததா என்று தீர்க்கவும் உறை முழுதாக வேண்டும்.

மங்கிய சீலுக்கு ஓர் எளிய உத்தி உண்டு. ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி அளவில் ஸ்கேன் செய்து, படத்தைத் திருத்தும் மென்பொருளில் சிவப்பு, பச்சை, நீலம் என்று பிரித்துப் பாருங்கள். சிவப்பு முத்திரையில் விழுந்த கறுப்புச் சீல் சிவப்புப் பிரிவில் தனியே எழுந்து நிற்கும், முத்திரையின் படம் வெளிறிவிடும். நீல முத்திரைக்கு நீலப் பிரிவு.

கடலுக்கும் வாவிக்கும் நடுவில் பாதுகாப்பது

ஈரத்தை வைத்து ஒப்பிட்டால் தனி முத்திரைக்குத்தான் தப்பிப் பிழைக்கும் வாய்ப்பு அதிகம், பசை ஏற்கெனவே நீங்கிவிட்டதால் ஒட்டிக்கொள்ளாது. முழு உறையில் மூடியின் பசை, உள்ளிருக்கும் தாள், கம்பிப்பின் எல்லாம் ஈரத்தை வாங்கும். உப்புக்காற்றில் கம்பிப்பின் துருவேறி உறையில் மண்ணிற ஓட்டை போடும். உறை கைக்கு வந்த அன்றே பின்னை இழுக்காமல், கால்களை நிமிர்த்தி எடுத்துவிடுங்கள். ஒட்டுநாடா இருந்தால் உரிக்க வேண்டாம், தாளோடு வரும்.

பிவிசி உறைகளைத் தவிர்த்து பொலிப்ரொப்பிலீன் அல்லது பொலியெஸ்டர் உறைகளை வாங்குங்கள். பிவிசியிலிருந்து கசியும் பொருள் மையை இழுத்துவிடும். அல்பத்தைப் படுக்கவைக்காமல் நிறுத்தி, சுவரிலிருந்து கைவிரல் அகலம் தள்ளி வையுங்கள். மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல் இடலாம். நிறம் மாறியதும் 110 பாகை செல்சியஸ் அளவில் ஓரிரு மணிநேரம் சூடேற்றினால் திரும்பப் பாவிக்கலாம். அந்துருண்டை வேண்டாம், அதன் ஆவி சில பிளாஸ்திக்குகளை இளக்கும். மாரி முடிந்ததும் ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டிப் பார்ப்பது கட்டாயம்.

புதிய சீல் பெறுவது

பழைய கட்டுகளை நம்பி மட்டும் ஊர்ச் சேகரிப்பு முடியாது. சொந்த முகவரி எழுதி 50 ரூபாய் ஒட்டிய உறையை இன்னோர் உறைக்குள் வைத்து, உப தபாலகத் தபாலதிபருக்கு ஒரு சிறு வேண்டுகோளோடு அனுப்பலாம். இரண்டு உறைக்கும் சேர்த்து 100 ரூபாய் முத்திரை. முத்திரையை வலது மேல் மூலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி ஒட்டி, இடப்பக்கம் 4 சென்ரிமீற்றர் வெறுமையாக விடுங்கள், சீலின் பாதி வெறுந்தாளில் விழட்டும். உறைக்குள் ஒரு மெல்லிய அட்டை வைத்தால் மேடு பள்ளமின்றி அச்சுப் பதியும். நேரில் போவதானால் கூட்டம் குறைந்த நேரத்தில் போய், உறைக்கு அடியில் ஒரு சஞ்சிகையை வைக்கச் சொல்லிப் பணிவாகக் கேளுங்கள். வேண்டுகோளில் "ஐயா, திகதியும் ஊர்ப்பெயரும் தெளிவாக விழும்படி ஒரு சீல் மட்டும் போதும்" என்று எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் நல்லெண்ணத்தில் மூன்று நான்கு தடவை அடித்து ஒன்றும் வாசிக்க முடியாமல் போய்விடும்.

அடுத்த பெப்ரவரி 29, 2028இல் வருகிறது, செவ்வாய்க்கிழமை. அன்று இரு மாவட்டத்துத் தபாலகங்களிலும் சீல் வேண்டுமானால், உறைகள் அதற்கு முந்தைய வாரமே தபாலதிபர்களின் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். உள்ளே வைக்கும் சிறு கடிதத்தில் திகதியைக் குறித்து, அன்றைக்கே அடிக்கும்படி கேட்டிருக்கவும் வேண்டும்.